காற்றுக்குக் காத்திருந்த வார்டு

ஊர்ப் பெண்களிடம் கேட்கக்கூடாத கேள்வியைத் தினமும் காலையில் கேட்பதுதான் நர்ஸு வேலை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நம் நர்ஸுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்தவளுக்குக் காற்றுப் பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், கஞ்சி கொடுக்கலாம். யுத்த காலத்தில் உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் இதற்கு வாய் திறந்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

வாத்தியார் சம்சாரம்

ராயப்பன்பட்டி வாத்தியார் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தது. ஜெபமாலையும் கையுமாகப் படுத்திருந்தாள். "காத்துப் பிரிஞ்சுச்சாக்கா?" என்றேன். மணியை உருட்டினாள். மறுபடி கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "பாவமெல்லாம் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துல சாமியாரே இதக் கேட்டதில்ல, நீ என்ன தாயி கேக்குற?"

மாமியார் ஏற்ற பழி

அனுமந்தன்பட்டி செல்லம்மாளுக்கும் அதே ஆபரேஷன்தான். ஆனால் அவள் வயிறு பானையாக உப்பிவிட்டது, வாந்தி வேறு. கர்ப்பப்பையை எடுத்தபின் எப்போதாவது ஒருத்திக்குக் குடல் எங்காவது ஒட்டி முறுக்கிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் காற்றுப் பிரியாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். இருந்த பலவீனத்தில் அவள் அதைத் தாங்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் டாக்டரும் கம்பவுண்டரும் வந்து நின்றபோது கட்டில் பக்கமிருந்து நல்ல சத்தமாகவே கேட்டது. மாதாவே என்று கும்பிட்டேன். செல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கீழே உட்கார்ந்திருந்த அவள் மாமியார் சட்டென்று எழுந்து டாக்டரைக் கும்பிட்டாள்: "எம் மருமகளத் தப்பா நெனைக்காதீக சாமி, அது நாந்தான்."

தள்ளுவண்டி

டாக்டர் நம்பிவிட்டார். பாழாய்ப் போன நானும் நம்பினேன். தள்ளுவண்டி வந்ததும், "எதுக்கு இது?" என்றாள் மாமியார். காற்றுப் பிரியாததால் மறுபடி கிழிக்கப் போவதைச் சொன்னேன். அவ்வளவுதான், வண்டிக்குக் குறுக்கே படுத்துவிட்டாள். "அது நான் இல்ல சாமி, அவதான்" என்று அழுதாள்.

ஆபரேஷனுக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறாள் என்று டாக்டர் நினைத்தார். "அப்ப நீங்கதானே சொன்னீங்க?" என்றார். யாரை நம்புவதென்று தெரியாமல் எல்லோரும் நிற்க, செல்லம்மாள் முந்தானையை விலக்கினாள். கல்யாணமானதிலிருந்து மாமியார் முன்னால் குரல் உயர்த்தாதவள், வார்டே கேட்கச் சொன்னாள்: "அத்தை எனக்காகப் பொய் சொன்னாக. அது நாந்தான். இப்பவும் வருது, எல்லாரும் வெளிய போங்க."

டாக்டர், கம்பவுண்டர், நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் வராந்தாவில் நின்று, அவரவர் சாமியிடம் ஒரு சத்தத்துக்காக வேண்டிக்கொண்டோமே, அப்பேர்ப்பட்ட கௌரவமான உத்தியோகம் நம்முடையது.