ஆட்சேபணை இல்லாத தெரு

சேலம் ஜில்லாவின் மேற்கே ஒரு சின்ன முனிசிபாலிட்டியில் நான் ஓவர்சியராக இருந்தேன். யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பஸ் முதலாளிகள்தான் அப்போது ஊருக்கு ராஜாக்கள். அவர்களில் ஒருவர், தறிக்காரர்கள் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் ஆக்கினார். அதோடு நின்றாரா மனுஷன்? மெயின் ரோட்டில் வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி பெரிய பெயர்ப்பலகை வேண்டுமாம். அதை மாட்டுவதற்குத் தெருவிலேயே இரண்டு தேக்குத் தூண் நட வேண்டுமாம். மனுப் போட்டுவிட்டார்.

குடித்தனத் தெருவில் பலகையைச் சுவரில்தான் அடிக்கலாம், தெருவில் எதையும் நடக்கூடாது என்பது எங்கள் விதி. குடியிருப்பவர்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் சேர்மன் விலக்குக் கொடுக்கலாம் என்று அந்த விதிக்கே ஒரு வாலும் இருந்தது. விசாரித்து ரிப்போர்ட் எழுதும்படி மனு என் மேஜைக்கு வந்தது. எங்கள் சேர்மனோ அதே கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஓசியில் சேலம் போய்வருகிறவர். விசாரணை எந்த அழகில் முடியும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நடுப்பகலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய், தூண் வரும் இடத்தை அளந்து குறித்தேன். தெரு காலியாகக் கிடந்தது. வீட்டுக்குள்ளே தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வாசல் வாசலாக நின்று, தூண் நட்டால் உங்களுக்குத் தொந்தரவு உண்டா என்று கேட்டேன். ஒரு வாசலிலும் பதில் மாறவில்லை.

"எங்களுக்கு என்னங்க சாமி தொந்தரவு? நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க."

ஆபீசுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு விதவை அம்மாள், மகனோடும் மருமகளோடும் தறி போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள். சரி, எனக்கென்ன வந்தது என்று திரும்பிவிட்டேன்.

ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் குடிதண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. போனால், பகலில் பார்த்த தெருவா அது! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூங்கில் கவைகள் மேல், தறியில் ஏற்ற வேண்டிய நீள நூல் பாவுகள் விரிந்து கிடந்தன. ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நடந்து கஞ்சி தடவி, நூலை நீவி விட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் இந்த வேலை முடிந்தால்தான் அன்றைக்குத் தறி ஓடும். தூண் நட நான் குறித்துவிட்டு வந்திருந்த இடத்தில் அந்த அம்மாளின் பாவு, நட்டநடுவில்!

என்னைப் பார்த்ததும் அவசரம் அவசரமாக முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"ஏனுங்கம்மா, எதுக்கு இப்ப அவுக்கறீங்க? அவுக்கச் சொன்னது யாரு?"

"இல்லீங்க சாமி, இதா எடுத்தர்றமுங்க."

"நான் பாவைப் பத்திக் கேக்க வரலீங்க. இந்த எடத்துல தூண் வந்தா நீங்க எங்க போயிப் பாவு போடுவீங்க? அன்னிக்கு வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

அந்த அம்மாள் கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் தெருவ மறிச்சுப் பாவு போட்டம்னு ஊட்டுக்கு ஊடு அபராதம் போட்டாங்க சாமி. பாவுக்கு எடமில்லீன்னு இப்ப நாங்களே சொன்னா, தெருவுல எதுக்குப் பாவுன்னு மொத்தமா நிறுத்திப்போடுவாங்க. தூண் வந்தா என்ற பாவு ஒண்ணுதானுங்களே போகுது? தெருப்பூராவும் போறதுக்கு அது தேவலீங்க."

நான் தூணுக்குக் குறித்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன்.

"நீங்களும் பாவுன்னு எழுதிப்போடாதீங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இதற்கு என்ன ரிப்போர்ட் எழுதுவது? எழுதினால் தெருவே போகும். எழுதாவிட்டால் இவள் பிழைப்பு போகும். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில், குடியிருப்பவர்களுக்குச் சிரமம் உண்டாகும், விலக்குத் தருவது உசிதமல்ல என்று பொத்தாம்பொதுவாக எழுதி நானே சேர்மனிடம் கொண்டுபோனேன்.

"என்னய்யா சிரமம்?" என்றார்.

"நடமாட்டத்துக்குங்க."

"எவன் சொன்னான்? ஒருத்தன் கைநாட்டாச்சும் இருக்குதா இதுல?"

"கைநாட்டு இல்லீங்க. ஆனா..."

"ஆனா என்ன? சொல்லுமே!"

பாவு என்ற அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கித் தொலைத்தேன். "அங்க குடியிருக்கறவனுக்கு இல்லாத வலி உமக்கு எங்கிருந்து வந்தது?" என்று சிரித்தபடியே விலக்கில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். வெளியே வந்து, பாவம், ஒன்றும் அறியாத சிப்பந்திமேல் எரிந்து விழுந்தேன்.

தூண் நட்டார்கள். பலகை ஏறியது. எழுத்து ஒவ்வொன்றும் முறம் அகலம் இருந்தது. அந்த அம்மாளும் மகனும் அதற்குப் பிறகு இருட்டோடு பாவைத் தலையில் சுமந்துகொண்டு ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரிக்குள் போனார்கள். திறந்த வெளியில் காற்று மண்ணை வாரி ஈர நூல்மேல் போடும். கஞ்சி காய்வதற்குள் இழை இழையாக அறுந்துபோகிறது என்று கேள்விப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் தெருக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, ஒரு வாழைத்தாரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி வாயத் தொறக்காம இருந்ததுல எங்க தெரு பொழச்சுதுங்க" என்று கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

"தாரை எடுத்துக்கிட்டுப் போங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

மற்றவர்கள் நகர்ந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா சாமி? அந்தத் தூணுக்கு இந்தால கொஞ்சம் எடம் கெடக்குது. தூண்லயே பாவு நுனியக் கட்டிக்கிட்டா உங்க ஆளுக ஏதாச்சும் சொல்லுவாங்களா? வெயில் வாரதுக்குள்ள அவுத்தர்றனுங்க."

"தாராளமாக் கேக்கலாமுங்கம்மா! அந்தாளுக்கு விலக்குக் குடுத்தவங்க உங்களுக்கும் குடுக்கட்டும். மனுவை நானே எழுதறேன். நீங்க கைநாட்டு வெச்சாப் போதுமுங்க" என்று காகிதம் எடுக்க உள்ளே திரும்பினேன்.

"மனுவுங்களா?" அவள் படியிலிருந்து இறங்கிவிட்டாள். "அய்யோ, வேண்டாமுங்க சாமி. நான் ஏரிக்கே போயிக்கறனுங்க."