ஒட்டுப்போர்வையின் அடித்துணி

உள்ளறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த தஸ்மியா காதைக் கூர்மையாக்கினாள். நூல் அறுந்தால் உம்மா மிஷினைத் திட்டுவாள். ஊசி முறிந்தால் தன்னையே திட்டிக்கொள்வாள்.

"ஏ முண்டம்! காலையிலதான எண்ணெய் குடிச்சே? அதுக்குள்ள என்ன கேடு ஒனக்கு?"

நூல்தான்.

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே ஜமீலா பீவியின் குரல் பழக்கம். பீடி சுற்றும்போது இலையோடு பேசுவாள், உலை வைக்கும்போது அரிசியோடு பேசுவாள். ஊசியை முந்தானையில் குத்திவைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். ஒருவரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். குவைத்துக்குப் போன அவள் புருஷன் பீர் மைதீன், அங்கே வந்த சண்டை முடிந்த பிறகு ஒரு கடுதாசி போடவில்லை. சவூதியில், தம்மாமில் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். யாரோடு பார்த்தார் என்பதையும் சொன்னார். அன்றைக்கு ஜமீலா பீவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் தஸ்மியாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்களிடம், "வாப்பா கல்யாணத்துக்கு வந்துருவாக" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள்.

வெளிநாட்டு வாப்பா என்றால் மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பது, கட்டில் மெத்தையோடு புலிப்படம் போட்ட கம்பளி. புலிக்கு எங்கே போவது? நல்ல காலத்தில் அவர் அனுப்பிய நைலக்ஸ் சேலைகளை, ஒட்டுப்போர்வை தைக்க ஜமீலா பீவி சதுரம் சதுரமாக வெட்டினாள். மயில்கழுத்து நிறத்துக்குப் பக்கத்தில் ரோஜா, ரோஜாவுக்குப் பக்கத்தில் மஞ்சள். ஒட்டிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. பஞ்சு ஒதுங்காமல் இருக்க மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக மிஷினில் தைக்க வேண்டும். அவள் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் வந்து துணியெல்லாம் ஒட்டகத் திமிலாய்ப் புடைத்து நின்றது.

வாசலோடு போன டெய்லர் ஆமிர் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "லாத்தா, போர்வைக்குள்ள ஆள வச்சித் தைச்சுட்டீகளா? நடுவுல இருந்து பைய வெளிய வாங்க. ஓரத்துல இருந்து உள்ள போனா இப்படித்தான்."

"முன்னமே சொல்லித் தொலைச்சா என்னலே?" என்றாள். கண்ணீர் சொட்டச் சொட்ட, தைத்ததையெல்லாம் பிரித்தாள்.

பிரித்ததில் அடித்துணி கிழிந்துபோனது. வீட்டில் வேறு முழுத்துணி இல்லை. அப்போதுதான் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பீர் மைதீன் ஹஜ் செய்தபோது மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, 'உனக்கொண்ணு, எனக்கொண்ணு' என்று ஆள்வசம் கொடுத்தனுப்பிய கபன் துணி. அவள் கண்மூடும் நாளில் அவளைப் பொதிய வேண்டியது.

தஸ்மியா பதறிவிட்டாள். "உம்மா, அது வேண்டாம்!"

"மௌத்தானா எனக்கு ஊர்ல ஒரு முழம் துணி தரமாட்டாகளா? ஜம்ஜம் பட்டது புள்ள. ஒம் படுக்கைக்குப் பரக்கத்து, நல்லது பெருகும்."

ஜமீலா பீவி அதை அடித்துணியாக விரித்து, நடுவிலிருந்து திரும்பத் தைத்தாள்.

இன்று கடைசி ஓரத்தைத் தைத்து முடிப்பதற்கும், மாப்பிள்ளையின் வாப்பாவோடு கூடப்பிறந்த மாமி மைதீன் பாத்திமா சீர் சாமான் பார்க்க வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த அம்மாள். வெள்ளை மனசுக்காரி, வாய் மட்டும் நீளம்.

"புலி எங்க ஜமீலா? கடிச்சிருமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்" என்று சிரித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வையைத் தடவினாள். "ஏயம்மா! நீயா தைச்சே? மிஷின்லயா? கடைச்சரக்கு தோத்துரும் போ!"

ஜமீலா பீவியின் முகத்தில், எத்தனையோ காலமாக மகள் பார்த்திராத வெளிச்சம். அந்த வெளிச்சம் நிலைக்கக் கூடாதா?

மாமி போர்வையைப் புரட்டினாள். கை நின்றது. குனிந்து முகர்ந்தாள். பெட்டியில் கூடவே இருந்த கற்பூரத்தின் வாசம்.

"ஜமீலா... இது கபன்லா? எம்பெட்டியிலயும் இதே துணி கெடக்கு."

"ஜம்ஜம் தண்ணி பட்டது மதினி, பரக்கத்துன்னு..."

"மௌத்துக்கு வச்ச துணியிலயா புதுமாப்பிள்ளைய படுக்கச் சொல்லுதே?" மாமிக்குக் கோபத்தைவிட அழுகைதான் முந்தியது. "துணிக்கு இந்தக் கதியின்னா, தஸ்மியா வாப்பா என்னதான் அனுப்புதாக? உயிரோட இருக்காகளா இல்லையா, அதையாவது சொல்லு."

மிஷினோடும் இலையோடும் அரிசியோடும் பேசுகிறவள், முந்தானையில் குத்தியிருந்த ஊசியை உருவி, திரும்ப அங்கேயே குத்தினாள். "இருக்காக" என்றாள். "எங்கயோ இருக்காக."

மாமி போர்வையை மடித்து, இரு கையாலும் ஏந்திக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். தஸ்மியாவின் தலையைத் தடவினாள். "வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்றாள். தஸ்மியா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

சொல்லி அனுப்ப மாட்டார்கள். அது மூவருக்கும் தெரியும்.

ஜமீலா பீவி மாமிக்கு முன்னால் ஓடினாள். வாசலில் தாறுமாறாகக் கிடந்த மாமியின் செருப்புகளைக் குனிந்து எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்து, போட்டுக்கொள்ள வாகாகத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மாமி போட்டுக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, ஜமீலா பீவி கதவைச் சாத்தினாள்.