ஆறுதலா எறிந்த பந்து

ஒஸ்லோவில் பேஸ்போல் ஆடுகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அது என்ன, கிரிக்கெட் மாதிரியோ?" என்பதுதான். நான் பிச்சர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தை எறிகிறவன் என்று விளக்கி முடித்தால் அடுத்த கேள்வி வரும். "அது சரி, வேலை என்ன செய்யிறீர்?" இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோடையில் அதற்கு ஒரு பதில் கிடைக்க இருந்தது.

நெதர்லாந்தில் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஒரு பிச்சர் தேவை. அன்று எங்களோடு மோதிய ஸ்தவாங்கர் நகர அணியின் பிச்சர், இல்லாவிட்டால் நான். அன்றைய ஆட்டத்தைப் பார்த்து இருவரில் ஒருவரைத்தான் எடுப்பார் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நோர்வேயில் பந்தெறிந்து யாரும் சோறு சாப்பிட முடியாது. இன்னொருவர் தேடி வருவார் என்று காத்திருக்க நான் முட்டாளும் இல்லை. முழங்கை வேறு இரண்டு கிழமையாக எரிந்துகொண்டிருந்தது. சொன்னால் ஆடவிடாமல் ஓரத்து வாங்கில் உட்கார்த்தி விடுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா ஒஸ்லோவின் ஓரத்திலிருக்கும் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நேரத்துக்கே வந்து, அடிக்கிறவனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். நல்ல வார்த்தை சொல்வது அவருக்கு வராத கலை. பரீட்சையில் தொண்ணூறு எடுத்துக்கொண்டு போனால் "மிச்சம் எங்கை?" என்பார். விழுந்து முழங்காலை உரித்துக்கொண்டு போனால் "கண் என்ன பிடரியிலையோ?" என்பார். ஆனால் கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் அது. அடிக்கிறவனின் கால் நிற்கும் விதத்தை வைத்தே அவன் எந்தப் பந்துக்குக் காத்திருக்கிறான் என்று பிடித்துவிடுவார்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வேகமாக எறிய வேண்டுமென்றால் அப்பா "கெதியா!" என்று கத்துவார். மெதுவான பந்து என்றால் "ஆறுதலா!" யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக என்று பொருள். நோர்வேக்காரர்களுக்கு இரண்டும் வெறும் கூச்சல். சொந்தப் பிள்ளையை உற்சாகப்படுத்துகிறார் என்று அவர்களும் கைதட்டுவார்கள்.

அன்றைக்குத்தான் சிக்கல். ஸ்தவாங்கர் அணியில் ஒரு தமிழர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர், அமெரிக்காவில் படித்தபோது இந்த விளையாட்டைப் பழகினவர். ஆட்டம் தொடங்குமுன் தானாகவே வந்து கைகொடுத்தார். அப்பா அவரிடம், "எப்ப இஞ்சை வந்தனீங்கள்? அங்கை ஸ்தவாங்கரிலை கனபேர் விளையாடுறவையோ?" என்று விசாரித்தார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். உங்க தமிழ் எனக்குப் பாதிதான் புரியுது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"அப்பா, இண்டைக்குக் கத்தாதேங்கோ. அவருக்கு விளங்கிப்போம்" என்றேன்.

"விசரா, அவைக்கு ஆறுதல் எண்டால் செத்தவீட்டிலை சொல்லுறது. கெதியா எண்டால் என்னெண்டே தெரியாது. நீ பயப்பிடாமல் எறி."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஆட்டம் கடைசிச் சுற்றுவரை இழுபட்டது. நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் நின்றோம். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. எதிரணி ஆள் ஒருவன் இரண்டாவது தளத்தில் ஓடத் தயாராக நின்றான். மட்டையோடு வந்து நின்றவர் அந்த எஞ்சினியர்தான்.

முதல் இரண்டு வேகப்பந்துகளையும் அவர் தவறவிட்டார். மூன்றாவதைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. நெதர்லாந்துக்காரர் வேகம் அளக்கும் கருவியோடு எழுந்து நின்றார். அவரைப் பார்த்திருக்கக் கூடாது. அடுத்த பந்தில் முழங்கையிலிருந்து சுண்டுவிரல்வரை சுள்ளென்று இழுத்தது. பந்து அகலப் போனது. அதற்கடுத்தது நிலத்தில் குத்தியது. கையைக் காற்சட்டையில் தேய்த்தேன். விரல் நுனி மரத்துப்போயிருந்தது. இன்னொரு வேகப்பந்து எறிந்தால் கை கழன்றுவிடும், எறியாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்று இரண்டும் சேர்ந்து மண்டைக்குள் ஓடின.

"ஆறுதலா!" அப்பாவின் குரல். பிறகு மறுபடியும், "ஆறுதலாடா, தம்பி!"

அப்பா எஞ்சினியரின் காலைப் பார்த்துவிட்டார், அந்தாள் வேகப்பந்துக்குத்தான் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கையை வேகமாக வீசி, பந்தை மட்டும் மெதுவாக விட்டேன். நல்ல பந்து. அதை இன்றைக்கும் சொல்வேன். எஞ்சினியர் அசையவில்லை. பந்து வந்து சேரும்வரை சாவகாசமாகக் காத்திருந்து, அடித்தார். அது வேலிக்கு மேலால் போய் மரங்களுக்குள் விழுந்தது. ஒரே அடியில் இரண்டு ஓட்டம், நாங்கள் தோற்றோம்.

நான் குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது நெதர்லாந்துக்காரர் ஸ்தவாங்கர் பிச்சரின் தோளில் கைபோட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. என் மனைவி யாழ்ப்பாணம். அவங்க பேசுறதும் பாதிதான் புரியும், ஆனா வீட்ல தினமும் 'ஆறுதலா சாப்பிடுங்கோ'தான். உங்கப்பா கத்துனதுமே ஸ்லோ பால்னு தெரிஞ்சுபோச்சு."

பாவம், அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் அப்பா மேல்தான். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடித்தேன்.

"உங்கடை வாயாலைதான் எல்லாம் போச்சு. கத்தாதேங்கோ எண்டு சொன்னனான். அப்பிடி அந்தாளின்ரை காலிலை என்னத்தைக் கண்டனீங்கள்?"

அப்பா காரை எடுத்து ஓட்டினார். சிவப்பு விளக்கில் கார் நின்றபிறகுதான் வாயைத் திறந்தார்.

"நான் அவன்ரை காலைப் பார்க்கேல்லை."

"அப்ப வேறை என்னத்தைப் பார்த்தனீங்கள்?"

"உன்ரை கையை. பந்தைப் பிடிக்க ஏலாமல் நடுங்கினது. முகமும் வெளிறிப்போச்சு. அந்த நேரம் எனக்கு வேறை ஒண்டும் ஞாபகத்திலை இல்லை." பார்வையை விளக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார். "பந்தைப் பற்றி நான் கதைக்கேல்லை. உன்னைத்தான் ஆறுதலா எண்டு சொன்னனான்."

விளக்கு பச்சையானது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

என் வாழ்நாளில் அப்பா எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் அது. நான் அதைக் கட்டளை என்று நினைத்து எறிந்துவிட்டேன்.