குழி இல்லாத வீடு

ஏரிக்கரையில் ஒரு மாடி வீடு விலைக்கு வருகிறது என்று என் கணவர் சொன்னபோது, அங்கே தரையில் குழி உண்டா என்றுதான் முதலில் கேட்டேன்.

"மாடியில குழி எப்படி இருக்கும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேலத்தில் நெசவுக்காரர் தெரு ஒன்றில் இருந்தது எங்கள் வீடு. முன்கூடத்தில் நான்கு தறிகள். ஒவ்வொரு தறிக்கும் கீழே தொடையளவு குழி. நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். வேலை முடிந்தால் பலகை போட்டு மூட வேண்டும். ஆனால் யாரும் மூடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து குழிகளுக்கு நடுவே நடந்தவர்கள் அவர்கள். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். வந்த நாளிலிருந்து சுவரோரமாகவே நடந்தேன்.

என் மகன் தவழத் தொடங்கியது மழைக்காலத்தில். குழிகளில் ஊற்றுநீர் கணுக்கால் அளவு நின்றது. அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன், பிள்ளையைக் காணோம். கடைசித் தறிக் குழிக்குள் நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். அழக்கூட இல்லை. மிதிகட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"தறிக்குழியில உழுகாத புள்ள எங்க இருக்குது?" என்றார் மாமியார், மஞ்சளை வைத்து அழுத்தியபடி. "உன் ஊட்டுக்காரனும் உழுந்து எந்திரிச்சவன்தான். நல்லாத்தான இருக்கறான்?"

நல்லாத்தான் இருந்தார். ஆனால் அன்றிலிருந்து, கையிலிருக்கும் வேலை எதுவானாலும் காது குழிப்பக்கமே இருந்தது. அதனால்தான் ஏரிக்கரை வீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது சம்பளக்காரர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் கட்டிய வீடு. கீழே இரண்டு குடும்பம், மேலே இரண்டு. மண் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. சங்கத்தில் பங்கு வாங்கினால் ஒரு பகுதியில் குடியிருக்கலாம். விற்பவர் தன் இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது. வாங்க வருகிறவரை மற்ற மூன்று வீட்டாரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். விற்றவர் ஒரு கோர்ட்டு குமாஸ்தா, ஆத்தூருக்கு மாற்றலாகிப் போகிறவர். என் கணவர் நூல் கடையில் கணக்கு எழுதினார், சங்கத்தில் சேரத் தகுதி இருந்தது. பக்கத்தில் கடை கண்ணி கிடையாது, வண்டிச் சத்தம் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

தண்ணீர்தான் என்னை ஆட்டிவைத்தது. தொடையளவு குழிக்குப் பயந்து ஆழம் தெரியாத ஏரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேனா? கொசு, குளிர்காற்று, மாடிப்படி எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, போகலாம் என்றேன். மறுபடி யோசித்தேன். மறுபடியும் போகலாம் என்றேன்.

வீட்டைப் பார்க்க மாமனாரும் வந்தார். கூடத்தின் நடுவில் நின்று குதிகாலால் தரையைத் தட்டினார்.

"அம்மிணி, இதுல தறி போடோணும்னா குழியை எங்க வெட்டறது? கீழ் ஊட்டுக்காரரு தலையிலயா?"

"குழி வேண்டாமுங்க, மாமா."

"குழியில்லாத ஊடு ஊடா? சத்திரம்னு சொல்லு." சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் மற்ற வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கீழ் வீட்டில் இருந்தவர் பள்ளிகளை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. மேலே அடுத்த வீட்டு டிராயிங் வாத்தியாரும் வந்தார், கீழே இன்னொரு வீட்டுக்காரரும் வந்தார். நான் உள்ளறை வாசலில் பிள்ளையோடு நின்றேன்.

காரியதரிசி மரியாதையாகத்தான் பேசினார். எங்களைப் பற்றி விசாரித்ததில் நல்லபடியாகவே சொன்னார்கள் என்றார். "ஒரே ஒரு விஷயம். குழி இல்லாமல் தரைமேலேயே நிறுத்துகிற தறி இப்போது வந்திருக்கிறதாமே. இங்கே அமைதிக்காக வந்து குடியிருக்கிறோம். தறி வைக்கமாட்டோம் என்று எங்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விதியில் இல்லை. இருந்தாலும் உங்கள் ஆட்களுக்குப் பழக்கம் விடாதில்லையா?"

என் கணவர் தலையசைக்கப் போனார். அதில் தப்பில்லை. தறி வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லவே இல்லை. ஆனாலும் பேசிவிட்டேன்.

"விதியில இல்லாததை நாங்க எதுக்குங்க சொல்லோணும்?"

எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தியிருக்கலாம்.

"அதோ, அடுத்த வீட்டுல உரல்ல மாவு இடிக்கறாங்க. நாங்க வந்ததுல இருந்து இந்தத் தரை அதிருது. இடிக்கமாட்டோம்னு அவங்க வார்த்தை குடுத்தாங்களா?"

"அது வீட்டு வேலையம்மா."

"தறியும் எங்க வீட்டு வேலைதானுங்க. எல்லாரும் வார்த்தை குடுங்க, நாங்களும் குடுக்கறோம்."

அடுத்த வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றுபோயிற்று. காரியதரிசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

கரைமேல் திரும்பி நடந்தோம். முதல் மதகைத் தாண்டியதும் என் கணவர் கேட்டார்: "தறியில்லாத வீடு வேணும்னு நின்னது நீதான?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிள்ளைக்குக் குழியில்லாத தரை கிடைத்திருக்கும், வீம்புக்கு அதைத் தொலைத்துவிட்டேன் என்று அப்போது மனசு அடித்துக்கொண்டது. இப்போது பதில் இருக்கிறது. நான் வேண்டாம் என்றது குழியை. பயந்ததும் குழிக்குத்தான். தறியை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தாலும் நானாகச் சொல்வேன், இன்னொருவர் கூடத்தில் நின்று சொல்லமாட்டேன்.

முன்னால் நடந்த மாமனார் நின்றார். "அம்மிணி, அந்த ஊடு கெடச்சா வாங்கிப்போடுங்க."

"குழி இல்லைங்களே, மாமா?"

"குழி நம்மூட்டுல நாலு இருக்குது."

சம்மதம் வந்தது. வாங்கித் தந்தது நாங்கள் அல்ல, அந்த உரல். எங்களிடம் வார்த்தை வாங்கினால் தன் உரலும் கீழே இறங்க வேண்டியிருக்கும் என்று டிராயிங் வாத்தியாரின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. மாடியேற்றிய உரலை மறுபடி கீழே இறக்கத் தன்னால் ஆகாது என்று கணவரிடம் சொன்னாராம். வாத்தியார் காரியதரிசியிடம் பேசினார். வார்த்தை எதுவும் வேண்டாம் என்று, வீட்டை விற்ற குமாஸ்தா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

குடிபோன அன்றே தாழ்வாரக் கம்பிகளுக்கு என் இடுப்புயரம் பலகை அடிக்கச் சொன்னேன். படிக்கட்டுக்குத் தட்டிக் கதவு. உட்கார்ந்தால் ஏரி தெரியவில்லையே, இதற்கா இந்த வீடு என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரிகிறது, நான் நின்றால் தெரிகிறது. பிள்ளைக்கு இப்போது தெரிய வேண்டாம்.

மாமியார் மாதத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கிறார். வரும்போது ராட்டையையும் கொண்டுவருகிறார். காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறார். ராட்டை கடகடக்கும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூலை இழுத்து ஏச்சு வாங்குவான்.

போன வாரம் கீழிருந்து காரியதரிசியின் குரல் வந்தது. "மேலே என்னம்மா சத்தம்?"

மாமியார் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பலகைமேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன்.

"ராட்டைங்க," என்றேன். திரும்பி, "நீங்க சுத்துங்க, அத்தை," என்றேன்.