உலர்ந்த உப்பு

உப்பை உருக்கி, மின்சாரம் பாய்ச்சி, சோடியத்தைப் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு மண்வாரி பிடிக்கும் வேலை. எல்லோருக்கும் அவள் உப்பக்கா. வாசலருகே உலர்ந்த உப்பைக் குவித்து வைத்திருப்பாள், தீப்பிடித்தால் அள்ளிப் போட.

அவள் புருஷன் அங்கேதான் செத்தான். ஈரம் காயாத கரண்டியை உருகிய சோடியத்துக்குள் விட்டான், முகமே போயிற்று. நிர்வாகம் தலைவிதி என்றது. விதியாம்! அவள் பழைய வேதியியல் புத்தகம் ஒன்றை வாங்கி வரிவரியாகப் படித்தாள். சோடியம் அணுவின் கடைசிச் சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதை உதறத் துடிக்கும். குளோரினுக்கு ஒன்று குறை; கிடைத்தால் பிடுங்கும். கொடுத்தது நேர் அயனி, பிடுங்கியது எதிர் அயனி. இரண்டும் இறுகப் பற்றிக்கொண்டால் நாம் சோற்றில் போடும் உப்பு. அந்தப் பிடியைத்தான் கொட்டகையில் கிழிக்கிறார்கள். கிழிபட்ட சோடியம் தண்ணீரைக் கண்டால் பாயும். ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். உப்பிலுள்ள சோடியமோ கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. அதற்கு வெறி அடங்கிவிட்டது; எரியும் சோடியத்தின்மேல் கொட்டினால் காற்றை மறைத்துத் தீயை அமுக்கும்.

முதலாளி பார்வையிட வருகிறார் என்று மேற்பார்வையாளர் குவியலை அள்ளச் சொன்னார். அந்த இடத்தில் சிவப்பு வாளிகளில் தண்ணீர் வந்தது.

"வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிறீங்க சார்."

"மண்வாரி பிடிக்கிறவ மண்வாரியைப் பிடி. வாத்தியார் வேலை உனக்கெதுக்கு?"

அவள் இரண்டு மூட்டை உப்பை மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளித்தாள்.

மறுநாள் குழாய் வெடித்தது. எரியும் சோடியம் தரையில் வழிந்தது. உள்ளே ஏழு பேர். மேற்பார்வையாளர் வாளியோடு ஓடிவந்தார்.

"ஊத்தாதீங்க!"

அவர் நிற்கவில்லை. அவள் மண்வாரியை வீசினாள். அவர் முன்கை எலும்பு மளுக்கென்று முறிந்தது. வாளி வாசலிலேயே கவிழ்ந்தது. தெறித்த நாலு துளிக்கே தீ சீறி வெடித்து அவள் கன்னத்தைச் சுட்டது. தோல் உரிந்து தொங்க, இரண்டு மூட்டையையும் கிழித்துக் கொட்டினாள். ஏழு பேரும் நடந்தே வெளியே வந்தார்கள்.

விசாரணை அவள்மேல்தான்.

"தண்ணி ஊத்தியிருந்தா அணைஞ்சிருக்கும் சார்," என்றார் கைக்கட்டோடு மேற்பார்வையாளர். "பழைய பகையை வெச்சு அடிச்சுட்டா."

"வேலை போகும். போலீஸும் வரும்," என்றார் அதிகாரி. "என்னம்மா சொல்றே?"

அவள் பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தாள். மண்ணெண்ணெய்க்குள் கடலை அளவு சோடியம். இடுக்கியால் எடுத்து, மேற்பார்வையாளரின் தண்ணீர் டம்ளருக்கு மேலே பிடித்தாள்.

"தண்ணிதானே சார்? அணைச்சுடும்ல?"

"ஐயோ, போடாதேடி! வெடிச்சுடும்!"

நல்ல கையால் டம்ளரைத் தட்டிவிட்டு அவர் மேசைக்கடியில் புகுந்து, அங்கிருந்தும் "வெடிச்சுடும்!" என்று கத்தினார்.

அவள் சோடியத்தை மறுபடி சீசாவுக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகினாள். பிறகு, விசாரணையைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்து இப்போது வாய் பிளந்து நின்ற எழுத்தரிடம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க தம்பி. மேசைக்கு மேலேருந்து சொன்னதை எழுதினீங்கல்ல, கீழேருந்து சொன்னதையும் எழுதுங்க."