கதவு தட்டாத காவலாளி

ஊரைவிட்டு வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக் கட்டடத்துக் காவலாளி யாருடைய கதவையும் தட்டமாட்டார். பார்சல் வந்தாலும் வாசலில் நின்று தொலைபேசியில்தான் அழைப்பார். அவர் மேசையில் எப்போதும் ஐரோப்பிய மன்னர்களின் போர்களைப் பற்றிய தடித்த நூலகப் புத்தகம் ஒன்று கிடக்கும்.

“உதிலை என்ன அண்ணை தேடுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ராசாமார் கடன்பட்டு, வரி கூட்டிப் படையைப் பெருப்பிச்சவை. சம்பளம் குடுக்கேலாமல் போக, அந்தப் படையே சனத்தைச் சூறையாடினது. எல்லாம் எழுதிக் கிடக்கு. வீடுவீடாய்க் கதவு தட்டிக் காசு தண்டினவன் பிறகு எப்பிடி நித்திரை கொண்டவனெண்டுதான் தேடுறன், தம்பி. ஒரு சொல்லும் இல்லை.”

அவசர அவசரமாக மறுபடி பக்கங்களைப் புரட்டினார். ஒருகாலம் ஊரில் நடந்த போருக்கென்று காசு கேட்டு என் கதவைத் தட்டிய கைகள் அவை.

கதவைத் திறந்து காசு கொடுத்தவனையும் சேர்த்துத் தேடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.