ஏழாவது தடவை செய்த உருண்டை

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் என் அக்காவுக்கு ‘உருண்டை’ என்று பட்டப்பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயரல்ல, ஆள் ஈர்க்குச்சி. மூட்டு வீக்கத்துக்கான மருந்தைப் பொடிப்பொடி உருண்டைகளுக்குள் அடைப்பது அவள் வேலை; நான் அங்கே அவளுக்கு உதவியாள். ஒரு வேளை விழுங்கினால் போதும். இரைப்பையைப் புண்ணாக்காமல் குடலுக்குப் போய், பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக மருந்தை விட வேண்டும். ஆறு தடவை செய்தாள். ஆறும் ஒரு மணி நேரத்தில் காலி!

“ஏழாவதும் சொதப்பினா இந்த ஆராய்ச்சியையே மூடிடுங்கன்னு மேலிடம் சொல்லிடுச்சும்மா” என்றார் மேலாளர். மூன்று வருட உழைப்பு. அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை.

சோதனை நாள் வந்தது. கண்ணாடிக் குடுவையில் முதலில் இரைப்பையைப் போல அமிலம், பிறகு குடலைப் போன்ற கரைசல். அமிலத்தில் இரண்டு மணி நேரம் துளி மருந்தும் கசியவில்லை. அக்கா பூரித்துப்போய் என் கன்னத்தைக் கிள்ளினாள். கரைசலை மாற்றினோம். மூன்றாம் மணி, பூஜ்யம். நான்காம் மணி, அதுவும் பூஜ்யம்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவியைத் தொலைச்சிட்டீங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடுவையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா தேம்பத் தொடங்கினாள். மேசையை ஒழிக்கலாமென்று காலிப் புட்டியை எடுத்தவள் அதன் லேபிளைப் படித்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே போடாமல் செய்துவைத்த வெற்று உருண்டைகள்!

“அடிப்பாவி! வெறும் உருண்டையைப் போட்டுட்டு மருந்து வரலைன்னு அழுவுறியே!”

அக்கா புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். மேலாளரும் தலையிலடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அசல் உருண்டைகளைப் போட்டோம். அமிலத்தில் வாயே திறக்கவில்லை. பிறகு மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இரவு எட்டுக்குள் தொண்ணூற்றிரண்டு சதவீத மருந்து வெளியே வந்திருந்தது! அக்கா என்னைப் பிடித்து இழுத்துத் தட்டாமாலை சுற்றினாள். ரெண்டு பேருக்கும் கிறுகிறுத்துப்போய்விட்டது.

மேலாளர் முடிவுத் தாளை மூன்று தடவை படித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மூணு வேளையும் இதுதான். முட்டியும் வலிக்குது, வயிறும் எரியுது. சீக்கிரம் முடிச்சுக் குடும்மா.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.